தொட வேண்டாம், அடிக்க வேண்டாம்

நாயின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டது நான்தான். கயிறு அறுந்துபோயிற்று என்று என் கணவரிடம் பொய் சொன்னேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. தக்கலையில் குடியிருந்தோம். அவர் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. நான் மிஷன் பெண்பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. செம்மண் நிறத்தில் ஒரு நாய் இருந்தது. வலது காது மடங்கியிருக்கும், வால் நுனி வெள்ளை. நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பாதி வழியில் வந்து நிற்கும்.

ஒரு சந்தை நாளில் எங்கிருந்தோ வந்த வெறிநாய் ஒன்று அதன் பின்னங்காலைக் கடித்துவிட்டது. அந்த நாயை ஆட்கள் அங்கேயே அடித்துக் கொன்றார்கள். எங்கள் நாயை அவர் வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தில் கட்டிப்போட்டார். "ரெண்டு மாசம் கெட்டுல கெடக்கட்டும். நீ கிட்ட போவாண்டாம்" என்றார். கம்பால் தள்ளித்தான் சோறு வைத்தோம்.

இருபது நாள் ஒன்றுமில்லை. புண் ஆறிவிட்டது. அதற்கடுத்த நாள் காலையிலிருந்து மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தது. இத்தனை நாள் கட்டிப்போட்ட ஏக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அவர் கச்சேரிக்குப் போனதும் போய் அவிழ்த்தேன். சற்று நேரம் என் காலடியில் படுத்திருந்தது. நான் அரிசி களைந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது இல்லை.

மறுநாளும் வரவில்லை. "நோட்டீசு எழுதி ஒட்டு" என்றார் அவர். "கடிபட்ட நாயின்னு முதல் வரியில போடு."

"போட்டா கண்ட எடத்துல அடிச்சுக் கொன்னு போடுவாவ."

"கொல்லட்டும். ஒரு பிள்ளைய கடிச்சா நீயா பதில் சொல்லுவ?"

சரி என்று தலையாட்டினேன். அன்று சனிக்கிழமை. பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மைக்கட்டியைக் கரைத்து, ஈர்க்குச்சி நுனியை நசுக்கித் தோய்த்துப் பெரிய எழுத்தாக எழுதினேன். "காணவில்லை. சிவப்பு நாய். வலது காது மடங்கியது. சாதுவானது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடி வரும்." கீழே அதன் பெயர், எங்கள் வீட்டு அடையாளம். கடிபட்ட விவரத்தை எழுதவில்லை. ஒவ்வொரு தாளிலும் அந்த வரிக்கென்று மேலே இடம் விட்டேன், ஒவ்வொரு தாளிலும் எழுதாமலே முடித்தேன். பன்னிரண்டு தாள்.

மரச்சீனிக் கிழங்கு மாவைக் காய்ச்சிப் பசையாக்கி எடுத்துக்கொண்டு போனேன். பள்ளிக்கூடச் சுவர், சபை வாசல், சந்தைப் பக்கம், திருவனந்தபுரம் ரோட்டில் பஸ் நிற்கும் இடம். வாசிக்கத் தெரியாதவர்கள் வாசித்துக் காட்டச் சொன்னார்கள், வாசித்தேன். டீக்கடைக்காரர் சுவரில் ஒட்ட இடம் கொடுத்துவிட்டு, "இது அண்ணைக்கு கடிபட்டதுல்லா?" என்று கேட்டார்.

"அது கொணமாயிட்டு" என்றேன்.

திங்கட்கிழமை காலை வகுப்புக்குள் நுழைந்ததும் ஒரு பிள்ளை எழுந்து நின்றாள். ஒன்பது வயது. பனையேறியின் மகள், வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் எழுத்துக்கூட்டி வாசிப்பவள். முகமெல்லாம் சந்தோஷம்.

"டீச்சரம்மா, வாற வழியில ஒங்க நாய நான் கண்டேன். சுவத்துல பேரு வாசிச்சேன்லா, அந்தப் பேரச் சொல்லி விளிச்சேன். ஓடி வந்துது."

"கடிச்சுதா?"

"இல்ல. கைய நக்கிச்சு. பொறவு வாழத்தோட்டத்துப் பக்கமா ஓடிப்போச்சு."

"எந்தக் கை? காட்டு."

வலது கையை நீட்டினாள். ஆள்காட்டி விரலில் நீளமாக ஒரு கீறல், ஓரம் இன்னும் சிவந்திருந்தது. ஓலை கிழித்தபோது முந்தின நாள் பட்டதாம். நக்கியதும் அதே விரலைத்தான்.

கிணற்றடிக்கு இழுத்துப் போய் சோப்புப் போட்டுக் கழுவினேன். எத்தனை தடவை கழுவினேன் என்று தெரியாது. "என்னத்துக்கு டீச்சரம்மா அழுதிய?" என்று கேட்டாள். விரல் எரிந்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா பனையிலிருந்து இறக்கிய அக்கானியைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அக்கானி கருப்பட்டிப் பதத்துக்கு வந்துகொண்டிருந்த நேரம், அடுப்பை விட்டு நகர முடியாது. அவள் கிண்டக் கிண்ட நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நாய் கடிபட்டது, நான் அவிழ்த்தது, தாளில் எழுதாமல் விட்டது. அவள் கை நின்றது.

"நீங்க தெரிஞ்சுதான் எழுதல்லியா?"

"ஆமா."

அகப்பையைக் கீழே வைத்தாள். அன்று காய்ச்சியது முழுவதும் கருகட்டும் என்று விட்டுவிட்டு, "வா மக்கா" என்று பிள்ளையின் கையைப் பிடித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விரலைப் பார்த்தார். "மருந்து திருவனந்தபுரத்திலேருந்து வரணும். இப்பவே ஆள் அனுப்புறேன். அதுக்குள்ள அந்த நாய் எனக்கு உயிரோட வேணும். பத்து நாள் பூட்டி வச்சுப் பாக்கணும். அடிச்சுக் கொன்னுட்டா ஒண்ணும் தெரியாது" என்றார்.

நேரே கச்சேரிக்குப் போய் என் கணவரை வெளியே கூப்பிட்டேன். கயிறு அறுந்ததல்ல என்பதையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். உள்ளே போய் லீவு சொல்லிவிட்டு வந்தார். வீட்டில் இருவரும் தரையில் உட்கார்ந்து எழுதினோம், நான் தமிழிலும் அவர் மலையாளத்திலும். "இந்த நாய் வெறிநாயால் கடிபட்டது. தொட வேண்டாம். கூப்பிட வேண்டாம். அடிக்க வேண்டாம். கண்டால் உடனே சொல்லவும்." இந்தத் தடவை பெயர் எழுதவில்லை.

முதலில் ஒட்டியவற்றின் மேலேயே ஒட்டினோம். டீக்கடையில் நான் பசை தடவும்போது கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர், "அடிக்காண்டாம்னா, பின்ன கடி வாங்கணுமா?" என்றார். அவருக்கு என் கணவர் பிள்ளையின் விஷயத்தைச் சொன்னார். அவர் எழுந்து ஒரு தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சைக்கிளில் துணி மூட்டை வைத்து ஊர் ஊராக விற்கும் துலுக்க வியாபாரி. வாழைத்தோட்டத்துப் பக்கம்தான் அவர் வீடு.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். ஆட்கள் கம்பும் கையுமாக வாழைத்தோட்டத்துக்குப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. ஓடினோம். வரப்பில் என் சேலை தடுக்கி இரண்டு தடவை விழுந்தேன். தூரத்திலேயே சத்தம் கேட்டது. அடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

அந்த வியாபாரியின் மாட்டுக் கொட்டகை வாசலில் பத்துப் பேர் கம்போடு நின்றார்கள். கதவு வெளியே தாழிட்டிருந்தது. தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு அவர் கதவின் முன்னால் நின்றார்.

"உள்ள அடச்சாச்சு. இனி யாரையும் கடிக்காது. டாக்டர் சொல்லாம ஒருத்தனும் இந்தக் கதவைத் தொடாண்டாம்."

"உமக்கு என்னவே அந்த நாயிட்ட?"

"நாயில்ல வே. அந்தப் பிள்ள."

கம்புகள் தாழ்ந்தன. பிறகு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். என் சத்தம் கேட்டு நாய் வாலை ஆட்டியது. இடுக்கில் தள்ளிய சட்டித் தண்ணீரை முழுதும் குடித்தது. கடவுளே, ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று வெளியே சொல்லாமல் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் நாளும் குடித்தது. மூன்றாம் நாள் சட்டி அப்படியே இருந்தது. தாடை தொங்கி, எச்சில் நூலாக வடிந்துகொண்டிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என் பக்கம் திரும்பிப் பார்த்தது, ஆனால் அதற்கு என்னைத் தெரியவில்லை. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மருந்து அன்று மத்தியானப் பஸ்ஸில்தான் வந்திருந்தது. அரைமணி நேரத்தில் பிள்ளைக்கு முதல் ஊசி போட்டார்கள். ஐந்தாம் நாள் நாய் செத்தது. என் கணவரும் அந்த வியாபாரியும் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள்.

வயிற்றில் பதினாலு ஊசி. பதினாலு நாளும் நான் கூடப் போனேன். போக வேண்டாம் என்று அவள் அம்மா சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. பிள்ளை நடுவில், நாங்கள் இரண்டு பக்கமும் பேசாமல் நடப்போம். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, வயிறு வீங்கி, ஊசியைக் கண்டதுமே பிள்ளை உதறத் தொடங்கினாள். அம்மா அவளைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"எனக்குப் பாக்க முடியல்ல. நீங்க பிடிச்சுக்கிடுங்க டீச்சரம்மா" என்றாள்.

அன்றிலிருந்து நான்தான் பிடித்தேன்.

ஊசி முடிந்த பிறகும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. வெறிநாய் விஷம் ஏறினால் தண்ணீரைக் கண்டாலே பயம் வரும் என்று சொல்வார்கள். தினமும் இடைவேளையில் பானையிலிருந்து ஒரு தம்ளர் கோரி அவளிடம் கொடுப்பேன். ஏன் என்று கேட்காமல் குடிப்பாள். மாசக்கணக்கில் இது நடந்தது. ஒருநாள் தம்ளரை நீட்டியபோது, "எனக்கு வேண்டாம் டீச்சரம்மா" என்றாள்.

நான் தம்ளரை இன்னும் கிட்டே நீட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் வாங்கி, ஒரே மடக்கில் குடித்து, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு விளையாட ஓடினாள்.