வலப்பக்க ஜன்னலில் வந்த கதை

பள்ளியை விட்ட பிறகு, மயிலாப்பூரிலிருந்து பாண்டி பஜார் தையற்கடைக்குத் தினமும் காலையில் 12பி பஸ்ஸில் வேலைக்குப் போவேன். திரும்பும்போது கூட்டத்தில் நின்றுகொண்டே வருவேன், வெளியே எதுவும் தெரியாது. வீட்டில் உட்கார்ந்து எழுத இடமில்லை. அதனால் ஓர் அக்கா தங்கை கதையை ஜன்னலோரமாகவே மனத்துக்குள் கட்டினேன். லஸ்ஸில் இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். ஆழ்வார்பேட்டையில் சண்டை. தேனாம்பேட்டையில் பச்சைக் கேட் வீட்டைத் தாண்டும்போது அக்கா மன்னிக்க முடியாத ஒரு சொல்லைச் சொல்லிவிடுவாள். பாண்டி பஜாரில் பேச்சே நின்றுவிடும்.

மே மாதம் அடையாறுக்குக் குடிபோனோம். பஸ் மாறியது. புது வீட்டில் மேசை இருந்தது, கதைதான் வரவில்லை. வாரப் பத்திரிகைப் போட்டிக்குத் திங்கட்கிழமைக்குள் தபாலில் போட வேண்டும். சனிக்கிழமை மாலை ஐந்துக்குக் கடை விட்டதும் மயிலாப்பூர் போகும் 12பி-யில் ஏறினேன். டிக்கெட் ஒன்றரை ரூபாய்.

ஒரு வரியும் வரவில்லை. அதே சாலை, ஆனால் பார்க்காத கடைகள். பஸ் நெரிசலில் நின்றபோதுதான் உறைத்தது. பெண்கள் இருக்கை இடப்பக்கம். போகும்போது நான் பார்த்ததெல்லாம் திரும்பும்போது வலப்பக்கம் இருக்கிறது!

எழுந்து ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்தேன்.

“இன்னாம்மா, லேடீஸ் சீட்டு காலியா கீது, இங்க வந்து குந்திக்கினே?” என்றார் கண்டக்டர்.

“அந்தப் பக்கம் பாக்கணும்ணா. ஒரு கதை…”

“கதை ரோட்டுலயா கீது?”

பஸ்ஸே சிரித்தது. ஜன்னலோரம் இருந்த காய்கறிப் பைக்காரர் எழுந்தார். “வுடு நைனா, பாத்துட்டுப் போவட்டும். நீ இப்டி வாம்மா.”

கதை வந்தது, கடைசியிலிருந்து முதலுக்கு. முதலில் மௌனம். தேனாம்பேட்டையில் பச்சைக் கேட் இல்லை. வீட்டை இடித்து மண்ணாகக் குவித்திருந்தார்கள். அக்கா சொன்னது என்ன? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஆழ்வார்பேட்டையில் இருவரும் சண்டை போட்டார்கள். லஸ்ஸில் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். எது என் கதை என்று தெரியவில்லை.

உங்களுக்கும் வழியில் யோசித்தது ஏதாவது மறந்துபோனால், யோசித்த திசையிலேயே போங்கள். காலை எட்டுக்கு முன்னால் ஏறினால் ஜன்னல் கிடைக்கும்.

நான் அனுப்பியது திரும்பும் வழியில் வந்த கதையை. அக்காவின் சொல் அதில் இல்லை. அது இல்லாமலே அவர்கள் சமாதானமாகிச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள். எப்படி என்றுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.