மதகுக்கும் தடத்துக்கும் நடுவே

நான் லாரி ஓட்டிய தோட்டம் வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே நாலு மைல் ஏற்றத்தில் இருந்தது. தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு இறங்கி ரயிலில் சேர்ப்பதும், திரும்பும்போது அரிசி, கோதுமை மா, உரம் என்று கிடைத்ததை ஏற்றி வருவதும்தான் என் வேலை. பட்டாளத்தார் விட்டுப்போன பழைய லாரி அது. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது. எனக்கு முப்பத்திரண்டு வயது. எட்டு வருஷ ஓட்டத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்த காலம்.

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் பெய்த ஒரு பகல். தொழிற்சாலையிலிருந்து இறங்கி இரண்டாவது வளைவு தாண்டினால் ரோட்டுக்கு அடியில் தண்ணீர் ஓடும் ஒரு சின்ன மதகு வரும். மதகுக்கு அப்பால், மலையிலிருந்து ஒரு குறுக்குப் பாதை வந்து ரோட்டில் விழும். பகல் கொழுந்து நிறுக்க பெண்கள் கூடையோடு அந்த வழியாகத்தான் இறங்குவார்கள். அன்றைக்கு ஒருத்தர் மட்டும் தனியாக முன்னால் இறங்கி வந்தார். எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு அடுத்த வரிசைக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

அவர் ரோட்டில் காலை வைத்தார். நான் பிரேக்கை மிதித்தேன். சக்கரம் பூட்டிக்கொண்டு லாரி வழுக்கியது. நிற்கப் போகிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. நிற்கிற மாதிரி இருந்த அந்த நேரத்தில்தான் மட்காட் அவரை இடித்தது. கூடை ரோட்டில் உருண்டு கொழுந்தெல்லாம் கொட்டியது. நான் கீழே குதித்தபோது அவர் கொழுந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது.

தோட்டத்துத் துரையின் காரில் அவரை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். லாரியை நின்ற இடத்திலிருந்து அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் நான் அங்கேயே நின்றேன். இரண்டு மணி நேரம் கழித்து போலீஸ் சார்ஜன் ஒருவர் அளவு நாடாவோடு வந்தார். அமைதியான மனுஷர். சிங்களத்தில் கேட்டார், எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நானும் பதில் சொன்னேன்.

"அந்த அம்மா ரோட்டில் இறங்கியதை நீ பார்த்தபோது லாரி எங்கே இருந்தது?"

"மதகுக்கிட்ட."

"பார்த்ததும் என்ன செய்தாய்?"

"உடனே பிரேக் போட்டேன்."

அவர் மதகிலிருந்து நடந்து வந்தார். குனிந்து பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். சக்கரம் இழுபட்ட தடம் மதகுக்கிட்டே இல்லை. அங்கிருந்து இருபத்தேழு அடி தள்ளித்தான் தொடங்கியது. அதற்கப்புறம் முப்பத்தோரு அடிக்கு இழுத்திருந்தது. தடம் முடிய ஆறடி இருக்கும்போது அக்கா விழுந்திருக்கிறார்.

"இந்த இருபத்தேழு அடியில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்று சார்ஜன் கேட்டார். மிரட்டிக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் ரோட்டைப் பார்த்தேன். மதகைப் பார்த்தேன். அந்த இடத்தை நான் கடந்த ஞாபகமே எனக்கு இல்லை. மழை தடத்தைக் கழுவியிருக்கும் என்றேன். மழைதான் விட்டு மூன்று மணி நேரமாயிற்றே என்றார்.

பிரேக்கைச் சோதிக்க கண்டியிலிருந்து ஒரு பரிசோதகர் வருவார் என்றார்கள். அதுவரை லாரியைத் தொடக் கூடாது. அந்த ஒரு வாரம் லயத்தில் யார் வாயைத் திறந்தாலும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். பிரேக் தேய்ந்து போச்சு என்றார் ஒருவர். பாரம் தள்ளியிருக்கும் என்றார் இன்னொருவர். நான் தூங்கிக்கொண்டு ஓட்டியதாகவும் ஒரு பேச்சு. எல்லாவற்றையும் நான் மாறி மாறி நம்பினேன். ஒருநாள் வட்டகொடையிலிருந்து வந்த மெக்கானிக்கிடம், "மிதிச்சாலும் பிரேக் கொஞ்ச நேரம் கழிச்சுப் புடிக்குமா?" என்று கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

பரிசோதகர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, கையில் கணக்கு எழுத ஒரு கொப்பி. லாரிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, அன்றைக்கு இருந்த அளவுக்கே பெட்டிகளை ஏற்றச் சொன்னார். அதே ரோட்டில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். சார்ஜன் கோட்டுக்குப் பக்கத்தில் முகம் துடைக்கிற கைலேஞ்சியோடு நின்றார். முன்சக்கரம் கோட்டைத் தொட்டதும் அவர் லேஞ்சியைக் கீழே போட வேண்டும், லேஞ்சி விழுவதைப் பார்த்ததும் நான் பிரேக்கை மிதிக்க வேண்டும். பரிசோதகர் என் பக்கத்தில் உட்கார்ந்து வேகத்தைப் பார்த்துக்கொண்டார்.

முதலில் பத்து மைல் வேகம். தடம் கோட்டிலிருந்து பதின்மூன்று அடி தள்ளித் தொடங்கி எட்டு அடி இழுத்தது. பிறகு இருபது மைல். தடம் தொடங்கவே இருபத்தாறு அடி, இழுத்தது முப்பத்திரண்டு. இரண்டு தடவையும் நான் லேஞ்சியைக் கண்ட கணத்திலேயே மிதித்தேன் என்று கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

"நான் பாத்த உடனே அமுத்துனேங்க ஐயா."

"அந்த 'உடனே' தான் இருபத்தாறு அடி," என்றார் அவர். "பயப்பிடாதையும். பிரேக்கிலை பிழை இல்லை. கண் காணுறதுக்கும் கால் அமத்துறதுக்கும் இடையிலை ஆருக்கும் கொஞ்ச நேரம் வேணும். எனக்கும் வேணும். அந்த நேரத்திலை வண்டி நிண்டு பாத்துக்கொண்டு இராதுதானே."

வேகம் இரண்டு மடங்கானால் அந்த முதல் தூரம் இரண்டு மடங்காகும், இழுபடுகிற தூரம் மட்டும் நாலு மடங்காகும் என்று கொப்பியில் கட்டம் கட்டமாகப் போட்டுக் காட்டினார். இரண்டு ஏன் நாலாகிறது என்று எனக்கு விளங்கவில்லை. தலையை ஆட்டினேன். ஆனால் வேறொன்று உறுத்தியது.

"சார்ஜன் ஐயாவும் சக்கரம் கோட்டைத் தொட்டதைப் பாத்துட்டுத்தானே லேஞ்சியப் போட்டாரு? அவருக்கும் கொஞ்ச நேரம் ஆகியிருக்குமே. அதுவும் என் கணக்குலயா வருது?"

பரிசோதகர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "அதுவும் சரிதான்," என்றார். லேஞ்சி வேண்டாம், கோட்டை நீரே பார்த்து மிதியும் என்று மறுபடி ஓட்டச் சொன்னார். இந்தத் தடவை தடம் கோட்டுக்கு ஓரடி முன்னாலேயே தொடங்கிவிட்டது.

நான் ரோட்டில் நின்று அந்தத் தடத்தையே பார்த்தேன். கால் அதே கால்தான், கண்ணும் அதே கண்தான். இருபத்தாறு அடி எங்கே போயிற்று?

"நீர் கோடு வரும் எண்டு தெரிஞ்சு வந்தனீர். காலை ஆயத்தமா வைச்சிருந்தனீர். அந்த அம்மா இறங்குவா எண்டு உமக்குத் தெரியாதே," என்றார்.

எனக்கு ஆறுதல் சொல்லத்தான் அவர் அதைச் சொன்னார். ஆனால் பகல் நிறுவைக்கு அந்தப் பாதையில் பெண்கள் இறங்குவார்கள் என்று எனக்கு எட்டு வருஷமாகத் தெரியும். இதை அவரிடம் சொல்லலாமா என்று நினைப்பதற்குள் அவர் காரில் ஏறிவிட்டார். ஏறும்போது ஒரு சின்ன விளையாட்டும் சொல்லிக் கொடுத்தார். அன்று சாயங்காலம் என் மனைவியை ஒரு அகப்பையைக் காம்பு கீழே வரும்படி பிடிக்கச் சொல்லி, காம்பின் நுனிக்குக் கீழே விரலை விரித்து வைத்துக்கொண்டேன். அவள் சொல்லாமல் விடுவாள், நான் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் காம்பு என் விரலுக்குள் நழுவிப் போன பிறகுதான் பிடி கிடைத்தது.

"ஒரு அகப்பையே உங்க கையில நிக்க மாட்டேங்குது, லாரி எப்படிங்க நிக்கும்?" என்றாள். கேலிதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லாரியிலும் ஓட்டுநர் மீதும் குற்றம் இல்லை என்று அறிக்கை வந்தது. வழக்குப் போடவில்லை. அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு வரலாம் என்று ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவின் கால் முழுக்க மாவுக்கட்டு. எனக்காகத் தலையணையை நகர்த்திவிட்டு இடம் காட்டினார். நான் இருபத்தேழு அடியைப் பற்றிச் சொன்னேன். கண், கால், லேஞ்சி எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் சரி தம்பி. நீ என்னைய அதுக்கு முன்னாலயே பாத்தீல்ல?"

"எப்ப?"

"நான் மேட்டுல நிக்கிறப்ப. வளைவுல திரும்புனதும் நீ என் மூஞ்சியத்தான் பாத்த. நானும் பாத்தேன். சரி, நம்ம தம்பி பாத்துருச்சு, நிப்பாட்டிரும்னு நெனச்சுத்தான் காலக் கீழ வச்சேன். பாக்கலைன்னா நான் ஏன் இறங்கப் போறேன்?"

அவர் சொன்ன பிறகு, மேட்டில் கூடையோடு நின்ற அவர் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. லாரி வருவதை அக்கா பார்த்துவிட்டார், அது போகும்வரை நிற்பார் என்று நான் நினைத்ததும் கூடவே ஞாபகம் வந்தது. ஆனால் அது உண்மையாகவே எனக்கு ஞாபகம் வந்ததா, அவர் சொன்னதால் வந்ததா? அவர் முகத்தைப் பார்க்கும்போது இதுவும் தெரியவில்லை, அதுவும் தெரியவில்லை. மதகுக்கிட்டே பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். அப்போது அது பொய் இல்லை.

"எனக்கு நெசமாவே தெரியலக்கா," என்றேன்.

"தெரியாட்டி விடு. ஆனா ரெண்டு பேரும் பாத்துக்கிட்டோம். அது எனக்குத் தெரியும்."

திரும்பும் வழியில் போலீஸ் நிலையத்துக்குப் போய் சார்ஜனிடம் இதைச் சொன்னேன். அவர் என் பழைய வாக்குமூலத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "அப்போது மதகு என்றாய். இப்போது வளைவு என்கிறாய். எது சரி?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க."

"தெரியாது என்பதை எந்த இடம் என்று நான் எழுதுவது?" என்று கேட்டுவிட்டு எனக்குத் தேநீர் வரவழைத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்கா நாலு மாதம் கழித்துத் தோட்டத்துக்கு வந்தார். மலை ஏற முடியாததால், அந்தக் குறுக்குப் பாதைக்குப் பக்கத்திலிருந்த பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை கொடுத்தார்கள். கால் கொஞ்சம் இழுத்தது. அந்தப் பாதை பக்கம் வரும்போதெல்லாம் நான் ஹாரன் அடித்துக்கொண்டே போக ஆரம்பித்தேன். குழந்தைகள் தூக்கம் கெடுகிறது என்று அவரே ஆள் அனுப்பினார். ஹாரனை விட்டுவிட்டு நடை வேகத்தில் போனேன். ரயில் இரண்டு தடவை தவறியது, துரை ஆபீசுக்குக் கூப்பிட்டுக் கேட்டார். நான் சொன்ன காரணம் அவருக்கும் விளங்கவில்லை.

அடுத்த வருஷம் ஒருநாள் அக்கா தன் காலை டாக்டரிடம் காட்டுவதற்காக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. ஸ்டேஷன் வரைக்கும் என் லாரியிலேயே முன்னால் ஏறிக்கொண்டார். வட்டகொடைக் கடைத்தெருவில் ஒரு ஆள் கோஸ் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்றார். என்னைப் பார்த்தார். நான் நிறுத்திவிட்டேன். அவர் இறங்கவில்லை, நான் போகட்டும் என்று நின்றார். நானும் நின்றேன்.

"அவருதான் உன்னையப் பாத்துட்டாரே, போ தம்பி," என்றார் அக்கா.

"பாத்துட்டாருங்கிறதுனாலதான் பயமா இருக்கு."

அக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "ஏங்க, நீங்க போறீங்களா, நாங்க போகட்டுமா?" என்று கேட்டார். அந்த ஆள் மூட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு, "போங்க போங்க," என்றார். பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. நான் கிளட்சை விட்டு மெதுவாக நகர்த்தினேன். ரயில் வருவதற்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.