பூஜைக்குச் சுத்தம் செய்த கம்ப்யூட்டர்

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எங்கள் கோழிப்பண்ணையில் எல்லாவற்றையும் துடைப்போம். நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை அது. தீவன மில்லின் ஆபீஸ் வேலை முழுக்க என்னுடையது. மற்றவர்கள் மெஷினைக் கழுவ, நான் கம்ப்யூட்டரைத் துடைத்தேன். அதோடு சும்மா இருந்தேனா? உள்ளேயும் சுத்தம் செய்யப் புகுந்தேன். விண்டோஸுக்குள் ‘இன்ஸ்டாலர்’ என்று ஒரு ஃபோல்டர் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. சாஃப்ட்வேரைத்தான் போட்டு முடித்தாயிற்றே, இது வெறும் அட்டைப்பெட்டி என்று நினைத்து மொத்தமாக அழித்தேன். என் கெட்டிக்காரத்தனத்தில் தீயை வைக்க!

மறுநாள் மானிட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டோம். பூஜை போட்ட பொருளை அன்றைக்கு இயக்குவதில்லை, அதனால் மில்லும் ஓடவில்லை.

அதற்கடுத்த நாள் காலையில் தீவனம் கலக்கும் சாஃப்ட்வேர் திறக்கவில்லை. எடுத்துவிட்டு மறுபடி போடலாம் என்றால், பழையதை நீக்க முடியவில்லை என்று பாதியில் நின்றது. மக்காச்சோளம் எவ்வளவு, சோயா எவ்வளவு என்ற கணக்கெல்லாம் அதற்குள்தான் இருந்தது. தொட்டிகளில் சாயங்காலம் வரைக்கும்தான் தீவனம். கோழி பட்டினி கிடந்தால் முட்டை குறைந்துவிடும், திரும்ப ஏறப் பல நாளாகும். 

முதலாளி வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

“என்னாச்சு அம்மிணி?”

“தெரியலீங்ணா. தானாவே நின்னு போச்சுங்க.”

சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்த சேலத்துக் கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். எடுத்த பெண் முதலில் கேட்டதே அதைத்தான்.

“எதாச்சும் டெலிட் பண்ணீங்களா மேடம்?”

“இல்லீங்க.”

முதலாளி பக்கத்தில் நிற்கிறார், வேறென்ன சொல்வேன்? வேலை போய்விடும் என்ற பயம். அந்தப் பெண் ஆன்டிவைரஸை நிறுத்தச் சொன்னாள், புதிதாக டவுன்லோடு செய்யச் சொன்னாள், கம்ப்யூட்டரை மூன்று முறை அணைத்துப் போடச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நின்றது. மத்தியானம் இன்னொரு முறை கேட்டாள். இல்லவே இல்லை என்று சாதித்தேன்.

மூன்று மணி இருக்கும். ஷெட்டைப் பார்த்துக்கொள்பவர் வாசலில் வந்து நின்றார். “மூணாவது ஷெட்டுல தொட்டி காலிங்ணா. கோழியெல்லாம் கத்துதுங்க.”

முதலாளி பக்கத்தில் நிற்கவே, மறுபடி சேலத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“நான்தானுங்க அழிச்சேன்” என்றேன் போனைப் பார்த்தபடி. “பூஜைக்கு சுத்தம் பண்றேன்னு அந்த இன்ஸ்டாலர் ஃபோல்டரை…”

“இத காலைலயே சொல்லியிருந்தா அரை மணி நேர வேலை மேடம்.”

அவள் அங்கிருந்தே எங்கள் கம்ப்யூட்டரை இயக்கி, பழைய சாஃப்ட்வேரின் மிச்சத்தை நீக்கிப் புதிதாகப் போட்டாள். கலவைக் கணக்கு பத்திரமாக இருந்தது. நாலு மணிக்கு மில் ஓடியது.

முதலாளி திட்டவே இல்லை. திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். மூட்டைகள் ஷெட்டுக்குப் போகும்வரை நின்றவர், பிறகு மெதுவாகக் கேட்டார்.

“இதாட்டம் வேற என்னென்ன எங்கிட்டச் சொல்லாம உட்டிருக்கற அம்மிணி?”

சத்தியமாக வேறு எதுவும் இல்லை. அதை நான் சொன்னால் அவர் எப்படி நம்புவார்?