விமானத்தின் வாலில் ஒரு ஜாக்கெட் கொக்கி

2004 ஆகஸ்ட் 17, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து மோட்டார் போட்டேன். தொட்டி நிரம்பும் வரை பேப்பர் படித்தேன். ஏழே முக்காலுக்கு மொபெட்டில் செராமிக் யூனிட்டுக்குப் புறப்பட்டேன். சூளையிலிருந்து பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் இறங்கும் நாள். விரிசல் விட்டதை ஒதுக்குவது சூப்பர்வைசரான என் பொறுப்பு. இருபது வருடமாக உடைசலுக்கு நடுவில் நிற்கிறவன் நான். அன்று மாலை நடந்ததைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் மகளுடைய பள்ளியில் அறிவியல் கண்காட்சி. எட்டாம் வகுப்பு. அவள் மழைநீர் சேகரிப்பு செய்வதாகத்தான் இருந்தாள். வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள் என்று தடுத்து, 'தரை விமானம் கப்பலில் இறங்குவது எப்படி?' என்ற தலைப்பைத் திணித்தது நான். அந்த வருடம் விமானந்தாங்கிக் கப்பல் பற்றிய செய்தி எதையும் நான் விட்டுவைக்கவில்லை. கடலைக் கடலூரில் மட்டுமே பார்த்தவன், கடற்படைக்கு யோசனை சொல்லும் நிலைக்கு வந்திருந்தேன்.

விஷயம் இதுதான். தரையில் விமானம் ஓடி நிற்க நீண்ட பாதை உண்டு. கப்பலில் அது இல்லை. அதனால் வாலில் ஒரு கொக்கி வைப்பார்கள். தளத்தின் குறுக்கே கட்டிய கம்பியில் அது மாட்டி விமானத்தை இழுத்து நிறுத்தும்.

தளத்துக்கு ஒரு பலகை, கம்பிக்கு ரப்பர் பேண்ட், விமானம் இறங்கி வரச் சாய்த்த அட்டை. விமானத்தை மட்டும் வெள்ளை மண்ணில் வார்த்து, யூனிட் சூளையிலேயே வேகவைத்தேன். செராமிக்கே பிழைப்பான எங்கள் ஊரில் வேறு எதில் செய்யத் தோன்றும்? வேகும்போது மண் சுருங்குமே என்று கணக்குப் போட்டு அச்சைப் பெரிதாக எடுத்தேன். இறக்கை இம்மியும் பிசகவில்லை. அந்தப் பெருமையில் கொக்கியையும் மண்ணிலேயே வைத்திருந்தேன்.

மாலையில் ஓட்டிப் பார்த்தோம். ரப்பரில் பட்டதும் கொக்கி டிக்கென்று ஒடிந்தது. விமானம் நிற்காமல் அடுப்படிக்குள் போனது.

"என்னாங்க, ஒங்க ஏரோபிளேன் கடலத் தாண்டி கேஸ் சிலிண்டர்கிட்ட வந்து நிக்குது" என்றாள் மனைவி.

ஒரு துண்டுக் கம்பியைக் கொக்கியாக வளைத்து வாலில் பசை போட்டு ஒட்டினேன். இந்த முறை கொக்கி பிரமாதமாக மாட்டியது. கொக்கியும் வாலும் ரப்பரில் தொங்க, மீதி விமானம் முன்னே போய்ச் சுவரில் மோதி மூன்று துண்டானது.

"வாலு மட்டும் லேண்ட் ஆயிட்டுதுப்பா" என்றாள் மகள். சிரிப்பாள் என்று பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. "நாளைக்கு எல்லாரு முன்னாடியும் நான்தான நிக்கணும்? நீங்களா நிக்கப் போறீங்க?"

உடைந்த துண்டுகளைப் பொறுக்கினேன். அவளே எழுந்து போய், மாசி மகத் திருவிழாவில் வாங்கிய பிளாஸ்டிக் விமானத்தை எடுத்து வந்தாள். ஜன்னல் வரிசையும் சிவப்புக் கோடும் போட்ட பயணிகள் விமானம். மனைவி தன் ஜாக்கெட்டிலிருந்து ஒரு கொக்கியைப் பிரித்துக் கொடுத்தாள். மகள் அதை நூலில் கோத்து வாலில் வைத்து, நூலை விமானத்தின் வயிற்றைச் சுற்றி, இறக்கைக்கு அடியிலும் கொண்டுபோய்க் கட்டினாள்.

"வால்ல மட்டும் கட்டுனா போதும்மா" என்றேன்.

"நீங்கதானப்பா சொன்னீங்க, ஹூக்கு மட்டும் வச்சா பத்தாது, ஒடம்பே தாங்கணும்னு?"

சொன்னேன்தான். ஒரு மாதமாகச் சாப்பாட்டு வேளையில் வேறு எதுவும் சொல்லவில்லை. அவள் கேட்டிருக்கிறாள். நான்தான் கேட்கவில்லை.

அட்டையிலிருந்து விட்டாள். ரப்பர் நீண்டது, விமானம் தளத்தின் விளிம்புக்கு முன்னால் நின்றது. மறுபடி விட்டாள். மறுபடி நின்றது.

"இந்த ரக விமானம் எந்தக் கப்பல்லயும் எறங்காது" என்று சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

"எறங்கிடுச்சில்ல? நாளைக்கு ஸ்கூல்ல வந்து இத சொன்னீங்கன்னா பாருங்க!"

மறுநாள் காலை எழுந்ததும் மோட்டார் போடவில்லை. கண்காட்சிக்குக் கட்டும் புடவைக்கான ஜாக்கெட் அதுதான் என்று மனைவி நீட்டினாள். ஊசியில் இரட்டை நூல் கோத்து, கொக்கி போன இடத்தில் புதிதாக ஒன்றைத் தைத்தேன். தாங்குமா என்று இழுத்துப் பார்த்தேன்.

"போதுங்க, கிழிஞ்சிடப் போவுது" என்று அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.