காஜா பெராங் கஞ்சிப் படை

காஜா பெராங்கில் எங்கள் சந்துக்கு நான் தீயணைப்புத் தலைவனானது, கூட்டத்தில் உட்கார இடம் கிடைக்காததால்தான். வேறு ஒரு தகுதியும் எனக்கு இல்லை.

ஜப்பான்காரன் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் பள்ளிக்கூடக் கொட்டகைக்கு வரவேண்டும் என்று டவுன் ஆபீசிலிருந்து உத்தரவு. மரவள்ளிக்கு மண் அணைத்துவிட்டுப் போனேன், நேரமாகிவிட்டது. எல்லாரும் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். சார்ஜன்ட் ஒருவன் ஜப்பானிய மொழியில் நீளமாக எதையோ சொன்னான். பக்கத்தில் நின்ற துபாஷி அதை மலாயில் சுருக்கிச் சொன்னான். தீயணைப்புப் படைக்குத் தலைவராக விரும்புகிறவர் எழுந்து நிற்கலாமாம். ஒருவரும் அசையவில்லை. நான்தான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேனே. சட்டென்று குந்தப் பார்ப்பதற்குள் சார்ஜன்ட் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டான். முன்வரிசைக்காரர்கள்தான் ரொம்பப் பலமாகக் கைதட்டினார்கள்.

டவுனில் ஒரு தீயணைப்பு வண்டி இருந்தது. வெள்ளைக்காரன் காலத்திலேயே அது பண்டார் ஹிலிர் கடைகளை விட்டு எங்கள் பக்கம் வந்ததாக எனக்கு நினைவில்லை. இப்போது அதற்கு எண்ணெயும் கிடையாது. ஆகவே டவுனுக்கு வண்டி, எங்களைப் போன்ற கம்பத்துக் குடியிருப்புகளுக்கு அங்கே இருக்கிற ஆட்களே பொறுப்பு என்று சட்டம் போட்டுவிட்டார்கள். வாளி யார் கொடுப்பது என்று கேட்டேன். சந்துக்காரர்கள் என்றான் துபாஷி. கயிறு? அதுவும் சந்துக்காரர்கள். கூரையைப் பிடித்து இழுக்கக் கொக்கி போட்ட மூங்கில்? அதுவும்தான். அப்படியானால் ஆபீஸ் என்ன கொடுக்கும் என்றேன். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கைப்பட்டையை எடுத்துக் கொடுத்தான். சண்டைக்கு முன்பு நான் ஜாலான் துக்காங் எமாஸ் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தவன். விரலால் தடவினேன். இரண்டு சலவைக்குத் தாங்காத துணி அது.

மாதம் ஓர் ஒத்திகை. வீட்டுக்கு ஓர் ஆள் கையில் பாத்திரத்தோடு வரவேண்டும். ஆள் குறைந்தாலும் சரி, வீடு எரிந்தாலும் சரி, தலைவன் சயாமுக்கு. சயாம் என்றால் ரயில் பாதை போடுகிற வேலை. எங்கள் பக்கத்திலிருந்து லாரியில் போனவர்களில் ஒருவரும் அதுவரை திரும்பி வரவில்லை.

என் மனைவி அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள். கைப்பட்டையைப் பார்த்ததும் சிரித்தாள்.

“தீயணைக்கிற தொரை வந்துட்டாரு. மொதல்ல அடுப்பப் பத்த வைக்க வெறகு கொண்டாங்க, அப்புறம் அணைக்கலாம்.”

சயாம் விஷயத்தைச் சொன்னேன். அதன்பிறகு அந்தக் கைப்பட்டையைப் பற்றி அவள் கேலி பேசவே இல்லை.

முதல் ஒத்திகைக்கு மண்ணெண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு சந்து முழுக்க நடந்தேன். டின் சத்தம் கேட்டதும், ஆள் பிடிக்க வந்துவிட்டான் என்று ஆண்கள் எல்லாரும் பின்பக்கமாக ஓடி ரப்பர் மரங்கள் நிற்கும் கித்தாக்காட்டுக்குள் புகுந்துவிட்டார்கள். பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வந்து நின்றது காது கேட்காத ஒரு பெரியவரும் இரண்டு நாய்களும். சார்ஜன்ட் என் கன்னத்தில் விட்ட அறையில் இடது காதில் வெகு நாளைக்கு ஒரு ரீங்காரம் இருந்தது. அடுத்த தடவையும் இப்படியென்றால் அதே இடத்தில் லாரி ஏறவேண்டும் என்று துபாஷி சொன்னான். பாவம், என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான்.

வீடு வீடாக ஏறி இறங்கினேன். தமிழ்க் குடித்தனங்கள், நெற்றியில் திருநீறும் வாயில் மலாயுமாக இருக்கும் செட்டி வீடுகள், எதையும் விடவில்லை. எல்லாருக்கும் என் மேல் இரக்கம் இருந்தது. வருகிறேன் என்றுதான் யாரும் சொல்லவில்லை. குற்றம் சொல்லவும் முடியாது. பாதி நாள் அரிசி வரிசையில் நின்று, மீதி நாள் கிழங்குக்குக் கொத்திவிட்டு வருகிறவர்களிடம் போய், இல்லாத தீயை அணைக்க வா என்று எந்த முகத்தோடு கூப்பிடுவது? எனக்கே அலுத்துப் போயிருந்தது.

இரண்டாவது ஒத்திகையன்று காலையில் என் சட்டையையும் கைலியையும் மனைவி ஒரு மூட்டையாகக் கட்டி வைத்திருந்தாள். சார்ஜன்ட் வந்தான். சந்து வாயில் லாரி நின்றது. அவனுக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தது. நான் கூப்பிட்டு யாரும் வராததைப் பார்த்துப் பொறுமை போய், துபாஷி கையிலிருந்த தகரக் குழலைப் பிடுங்கி அவனே கத்தினான்.

“கஜிடா! கஜிடா!”

அவன் மொழியில் அதற்குத் தீப்பிடித்துவிட்டது என்று அர்த்தமாம். எனக்குப் பிறகுதான் தெரியும். அவனுடைய அடைத்த மூக்கின் வழியாக அது எங்கள் சந்துக்குள் போனபோது கஞ்சிடா, கஞ்சிடா என்றுதான் போயிற்று.

சண்டைக்கு முன்பெல்லாம் நோன்பு மாதத்தில் ஜாலான் துக்காங் எமாஸ் பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றுவார்கள். எங்கள் சந்திலிருந்தும் தூக்குச்சட்டியோடு போவோம், இன்னார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அந்த ஞாபகம் எல்லார் வயிற்றிலும் இருந்தது. முதலில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் கதவு திறந்தது. எனாமல் சட்டியோடு அவர் ஓடி வந்தார். பின்னால் சந்தே வந்தது, குண்டான், சட்டி, செம்பு, ஒருத்தர் கையில் வெறும் சிரட்டை. தமிழ் தெரியாத செட்டி வீட்டார்களும் பாத்திரம் ஓடுவதைப் பார்த்துப் பாத்திரத்தோடு ஓடி வந்தார்கள். யாரும் சொல்லாமலே வரிசை கட்டி நின்றார்கள். அரிசிக்கு நின்று நின்று பழகிப்போன கால்கள்.

சார்ஜன்டுக்கு வாயெல்லாம் பல். கிணற்றிலிருந்து கைக்குக் கை தண்ணீர் மாற்றச் சொன்னான். மாற்றினார்கள். தண்ணீர் முடிந்தால் கஞ்சி வரும் என்று நினைத்திருப்பார்கள். கடைசியில் காது கேட்காத பெரியவர் என்னிடம், “தண்ணியெல்லாம் சரிதான்யா, கஞ்சி எப்ப?” என்றார். என்ன கேட்கிறார் என்று துபாஷி என்னைக் கேட்டான். அடுத்த ஒத்திகை எப்போது என்று கேட்கிறார் என்றேன். சார்ஜன்ட் எனக்கு ஒரு சிகரெட் கொடுத்துவிட்டு லாரியில் ஏறிப் போனான்.

அவன் போனபிறகுதான் எனக்கு நிஜமான அடி. அக்கா வெறும் சட்டியை என் முன்னால் நீட்டினார். அவருடைய புருஷனைச் சில மாதங்களுக்கு முன்பு சயாமுக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

“அவர எப்படி லாரில ஏத்துனாங்க தெரியுமா தம்பி? சும்மா படம் காட்டுறோம், வாங்கன்னு கூப்பிட்டாங்க. நீ கஞ்சி ஊத்துறோம்னு கூப்பிடுற. ரெண்டுக்கும் என்னா வித்தியாசம்?”

கூப்பிட்டது நான் இல்லை, அவன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது? வீட்டுக்குள் வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

“இனிமே நீங்க கூப்பிட்டா நாயும் வராது,” என்றாள் மனைவி. அரிசிப் பானையை எட்டிப் பார்த்துவிட்டு, “அப்ப நெசமாவே ஊத்திட வேண்டியதுதான்,” என்றாள்.

டவுன் ஆபீசுக்குப் போய்ப் படைக்குக் கொஞ்சம் அரிசி ஒதுக்கும்படி கேட்டேன். “தீயும் உங்களோடது, கஞ்சியும் உங்களோடது,” என்றான் துபாஷி. காஜா பெராங்குக்கு அந்தக் காலத்துத் தீயணைப்பு நிர்வாகம் அவ்வளவுதான். இன்றைக்கு வீட்டு வரி கட்டும்போதெல்லாம் என் மகன் முணுமுணுக்கிறான். எனக்கு அந்தத் துபாஷி முகம்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

நாங்கள் போட்ட வரி ஒரு பிடி. ஒத்திகை நாளில் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி, அரிசி இல்லாதவர்கள் கிழங்கு மாவு, அதுவும் இல்லாதவர்கள் விறகு. செட்டி வீட்டுப் பெரியவர் ஒரு தேங்காய் தருவார். பள்ளிவாசல் தெரு மளிகைக்காரர் பழைய வெந்தயத்தைத் தேடிக் கொடுத்தார். ஒரு பிடி என்றால் யார் பிடி என்பதில் முதல் நாளே சண்டை வந்துவிட்டது. பிடி அளக்க வீட்டில் இருக்கிறதிலேயே சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டார்கள். தவழ்கிற பிள்ளையின் கையை அரிசிக்குள் அழுத்திய ஒரு மகராசியையும் பார்த்தேன். கடைசியில் என் மனைவிதான் போய் அக்காவைக் கேட்டாள். அவருக்கு நல்ல அகலமான கை.

“கஞ்சி நெசம்னா நான் வர்றேன்,” என்றார் அக்கா.

அதிலிருந்து அவர் கைதான் அளவு. அவர் போய் நின்றால் யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. கஞ்சி என்றும் அதைச் சொல்லக் கூசும், பருக்கையைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். ஆனாலும் சூடாக இருந்தது, நிஜமாக இருந்தது. ஒவ்வோர் ஒத்திகைக்கும் ஆட்கள் வந்தார்கள். நான் டின் தட்டுவதை விட்டுவிட்டு, கஞ்சி, கஞ்சி என்றே கூப்பிடப் பழகிக்கொண்டேன். சார்ஜன்ட் தன் மொழி என்றே நினைத்து மகிழ்ந்துபோனான்.

அக்காவின் வீட்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் வீட்டை ஒட்டினாற்போல அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட சின்ன வீடு. போவதற்கு முன்பு அவர் புருஷன் வேய்ந்த கூரை. நைந்துபோய் மழைக்கு ஒழுகியது. நான் வேறு ஓலை செருகித் தருகிறேன் என்று பலமுறை கேட்டுவிட்டேன். “இருக்கட்டும் தம்பி, அவரு வந்து மாத்துவாரு,” என்பார். ஒழுகுகிற இடத்தில் சட்டியை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொள்வார்.

பிறகு மழை நின்றுபோன மாதங்கள் வந்தன. எல்லாரும் கிழங்கு போடவேண்டும் என்று உத்தரவு இருந்ததால் எங்கே பார்த்தாலும் லாலான் புல்லைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். நாள் முழுக்கப் புகை, யாரும் அதை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஒருநாள் மத்தியானம் அப்படி ஒரு பொறி காற்றில் வந்து அக்காவின் கூரையில் விழுந்தது. அவர் பின்னால் தூரத்தில் கிழங்குக் காட்டில் இருந்தார். நான் பார்த்தபோது ஒரு மூலை பிடித்திருந்தது. காற்று எங்கள் வீட்டுப் பக்கம் அடித்தது. உள்ளே என் மனைவி நிறைமாத வயிற்றோடு வேகமாக நடக்க முடியாத நிலையில் இருந்தாள்.

தீ, தீ என்று தொண்டை கிழியக் கத்தினேன். மலாயில் அப்பி, அப்பி என்றும் கத்தினேன். டின்னைத் தட்டினேன். பட் பட்டென்று கதவு சாத்துகிற சத்தம்தான் கேட்டது. கித்தாக்காட்டுப் பக்கம் கால்கள் ஓடின. என் பிழைப்பை நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த அழுகையோடு கத்தினேன்.

“கஞ்சி! கஞ்சி ஊத்துறாங்க!”

வந்தார்கள். சந்து முழுக்கப் பாத்திரத்தோடு வந்தது. வந்தவர்கள் தீயைப் பார்த்து ஒரு கணம் நின்றார்கள், பிறகு பழகின கால்கள் தானாகக் கிணற்றுக்கு வரிசை கட்டின. கிழங்குக் காட்டிலிருந்து மண் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தண்ணீருக்குக் கொண்டுபோயிருந்த எனாமல் சட்டியோடு அக்காவும் ஓடி வந்தார். தன் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றார். போய் வரிசையில் நின்று சட்டியைத் தண்ணீருக்கு நீட்டினார்.

அத்தாப்பு பிடித்துக்கொண்டால் அந்த வீட்டைக் காப்பாற்ற முடியாது, பக்கத்து வீட்டைத்தான் காப்பாற்றலாம். கொக்கி மூங்கிலால் அவர் கூரையை இழுத்துக் கீழே தள்ளினோம். சுவர்ப் பலகையையும் இழுத்தோம். என் வீட்டுக் கூரையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். ஊற்றியவர்களில் அக்காவும் ஒருவர். என் வீடு நின்றது, அவர் வீடு இருந்த இடத்தில் கரிந்த நாலு மரக்கால்கள் நின்றன.

புகை அடங்குமுன் லாரி வந்துவிட்டது. சார்ஜன்ட் இறங்கி அந்த நாலு கால்களைப் பார்த்தான். எரிந்தது யார் வீடு என்று துபாஷியை விட்டுக் கேட்டான். வாசலில் வந்து நின்ற என் மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கட்டி வைத்த மூட்டை வீட்டுக்குள் எங்கே இருக்கிறது என்று நான் யோசித்தேன், அதுதான் எனக்குத் தோன்றியது.

அக்கா சட்டியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்து குனிந்து வணங்கினார்.

“புக்கான் ரூமா, துவான். டாப்பூர்,” என்றார்.

வீடு இல்லை, துரை. அடுப்படி.

“இதுல யாரு குடியிருக்காங்க? ரூமா அதுதான், அந்தா,” என்று மலாயிலேயே சொல்லி என் வீட்டைக் காட்டினார். துபாஷி அதைச் சார்ஜன்டுக்குச் சொன்னான். சார்ஜன்ட் கால்களைப் பார்த்தான், நனைந்துபோய்ப் பாத்திரத்தோடு நிற்கும் எங்களைப் பார்த்தான். அவனுக்கும் அலுப்பாகத்தான் இருந்திருக்கவேண்டும். அடுப்படிக்குச் சட்டத்தில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. தலையாட்டிவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டான்.

லாரி போனபிறகும் யாரும் கலையவில்லை. கஞ்சி என்று கூப்பிட்டிருந்தேன் அல்லவா? என் மனைவி உள்ளே போய், இருந்த மாவையெல்லாம் போட்டு அடுப்பை மூட்டினாள். வேறு சில வீடுகளிலிருந்தும் ஒரு பிடி வந்தது. அன்றைக்கு யாரும் பிள்ளையின் கையை அளவுக்குக் கொண்டுவரவில்லை. வெயில் சாய்கிற நேரத்துக்கு நான் அகப்பையோடு நின்று ஊற்றினேன். அக்கா கடைசியாக வந்தார், முகமெல்லாம் கரி. அவரைப் பார்த்ததும் அகப்பையைப் பானையிலேயே விட்டுவிட்டேன்.

“ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க? அவரு வந்து பார்த்தா...”

அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் மனைவியைப் பார்த்தார். பிறகு சட்டியை நீட்டினார்.

“காத்துக் கெடக்க இந்தச் சந்துக்கு ஒருத்தி போதும் தம்பி. நீ ஊத்து.”