மார்வா தொட்ட கட்டம்

நெப்ராஸ்காவின் மேற்குக் கோடியில் ஒரு சிறிய ஊர். அந்த ஊர் மருத்துவமனையில் மார்வா லிண்ட்க்விஸ்ட் இருபத்தாறு ஆண்டுகளாக நர்ஸாக இருந்தாள். அத்தனை ஆண்டும் ஒரே மாடி, அறுவை சிகிச்சை வார்டு. பனிப்புயலில் சாலை மூடிக்கிடந்த நாளில்கூட அண்ணனின் டிராக்டரில் தொற்றிக்கொண்டு வேலைக்கு வந்தவள் என்று அவளைப் பற்றிச் சொல்வார்கள். அப்போது அவள் காதில் விழாதது போல் நிற்பாள். ஆனால் விழும்.

ஊர் ஊராகப் போய்ப் பதின்மூன்று வாரம் வேலை செய்துவிட்டுக் கிளம்பும் ஒப்பந்த நர்ஸ்களை அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. பெயர் மனதில் நிற்பதற்குள் போய்விடுகிறவர்களோடு என்ன ஒட்டுதல் வேண்டிக்கிடக்கிறது என்பாள். ஓடெட் வந்த பிறகுதான் அந்தப் பேச்சு குறைந்தது.

ஓடெட் லூசியானாக்காரி. வயதில் மூத்தவர்களை 'மிஸ்' சேர்த்துத்தான் கூப்பிடுவாள். முதல் நாள் சாப்பாட்டுக் கூடத்தில் இறைச்சியும் பீன்ஸும் போட்ட காரமான சில்லிக் குழம்புக் கிண்ணத்தின் பக்கத்தில் பட்டைத்தூள் போட்ட இனிப்பு ரொட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"மிஸ் மார்வா, யாரோ தட்டை மாத்தி வச்சுட்டாங்க."

"யாரும் மாத்தல. இங்க ரெண்டையும் சேர்த்துத்தான் சாப்பிடுவோம். தொட்டுத் தின்னு பாரு."

"எங்கம்மா மட்டும் இதைப் பாத்திருந்தா போலீசைக் கூப்பிட்டிருப்பா."

மார்வா வாய்விட்டுச் சிரித்தாள். அதை வார்டில் இரண்டு நாள் பேசிக்கொண்டார்கள்.

ஊர் பார்க்கும் ஆசையில் வந்தவள் அல்ல ஓடெட். சொந்த ஊரில் அவள் வேலை பார்த்த வார்டை மூடிவிட்டார்கள். கணவன் லியோனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்தால்தான் உயிர். அதனால் எந்த ஊருக்குப் போவதானாலும் முதலில் அங்கே டயாலிசிஸ் நிலையத்தில் அவனுக்கென்று ஒரு நாற்காலி, அதாவது ஓர் இடம், பிடிக்க வேண்டும். இந்த ஊரில் அது கிடைக்கவே ஆறு வாரம் ஆனது. முன்பு வேலை செய்த இடத்தில் ஒரே ஒரு குறுஞ்செய்தியில் அவளை நிறுத்தியிருந்தார்கள். சூடுபட்டவள் ஆயிற்றே, இம்முறை தன்னை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சியிடம் மல்லுக்கட்டி ஒரு வரி எழுதி வாங்கியிருந்தாள்: நிறுத்துவதானால் இரண்டு வாரம் முன்னதாகச் சொல்ல வேண்டும்.

"அந்த ரெண்டு வாரம் கையில இருந்தாப் போதும் மிஸ் மார்வா, எங்கயாவது ஒரு நாற்காலி பிடிச்சிருவேன்," என்பாள்.

அக்டோபர் வந்தது. சோள அறுவடை முடியாமல் அங்கே எந்த விவசாயியும் முழங்கால் அறுவைக்கு வந்து படுக்க மாட்டான். வார்டில் பாதிப் படுக்கைகள் காலி. அந்தத் திங்கட்கிழமை காலையில் பிரசவ வார்டில் ஆள் போதவில்லை என்று போன் வந்தது. வேறு வார்டுக்கு ஆள் அனுப்புவதென்றால் ஒப்பந்த நர்ஸ்தான் முதலில் போக வேண்டும். அன்று ஷிஃப்டுக்குப் பொறுப்பு மார்வா.

"ஓடெட், பிரசவ வார்டுக்குப் போறியா?"

"போறேன். ஆனா பச்சப்புள்ளைங்களைப் பாத்துப் பதினஞ்சு வருஷமாச்சு. நாலு புள்ளைய என் பேர்ல எழுதிடாதீங்க. தூக்குறேன், எடை பாக்குறேன், அம்மாமாருக்கு மருந்து குடுக்குறேன். கூடமாட எல்லாம் செய்யுறேன். அதை அப்படியே எழுதிக்கங்க."

அவள் சொன்னது நியாயம் என்று மார்வாவுக்குத் தெரியும். ஆனால் பிரசவ வார்டில், முழுப் பொறுப்பு எடுக்காதவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மார்வா நிரந்தர நர்ஸ் ஒருத்தியை அனுப்பிவிட்டுக் கணினியில் பதியப் போனாள். திரையில் மூன்று கட்டங்கள்: சென்றார், மறுத்தார், வேறு காரணம். மூன்றாவதைத் தொட்டால் ஒரு பக்கம் திறக்கும், விவரமாக எழுத வேண்டும். ஒன்பதாம் அறையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மார்வா இரண்டாவதைத் தொட்டுவிட்டு ஓடினாள்.

நிரந்தர நர்ஸ்களுக்கு அந்தக் கட்டத்தால் ஒன்றும் ஆகாது. அடுத்த முறை அவர்கள் பெயர் முதலில் வரும், அவ்வளவுதான். அதை அவள் எத்தனையோ பேருக்குத் தொட்டிருக்கிறாள். ஆனால் ஒப்பந்த நர்ஸ் கொடுத்த வேலையை மறுத்தால் எழுதி வாங்கிய பாதுகாப்பு எதுவும் செல்லாது. வேலை அன்றே போகும், ஏஜென்சி கொடுத்த வீட்டை இரண்டு நாளில் காலி செய்ய வேண்டும். மார்வா அந்த ஒப்பந்தங்களில் ஒன்றைக்கூடப் படித்ததில்லை.

செவ்வாய் மதியம் ஓடெட் தன் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துப்போக வந்தாள்.

"வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. நான் மறுத்தேன்னு பதிவாயிருக்காம், மிஸ் மார்வா. நான் மறுத்தேனா?"

"இல்ல."

"அப்ப அதை ஏஜென்சிக்காரங்ககிட்டச் சொல்லுங்க. வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இனி எந்த ஊருக்குப் போனாலும் வியாழக்கிழமை அங்க லியோனுக்கு நாற்காலி வேணும்."

மார்வா நேராக மேலாளர் ட்ரூடியிடம் போனாள்.

"ட்ரூடி, அவ மறுக்கல. நான்தான் தப்பாப் பதிஞ்சிட்டேன்."

ட்ரூடி கதவைச் சாத்தினாள். "பாதி வார்டு காலி. எப்படியும் ரெண்டு பேரை நிறுத்தச் சொல்லி மேலேருந்து வந்தாச்சு. இப்படின்னா ரெண்டு வாரம் காத்திருக்க வேண்டியதில்ல. நீங்க இதுல தலையிடாதீங்க மார்வா. நீங்க ரிட்டயர் ஆக இன்னும் நாலு வருஷம்தானே இருக்கு?"

மார்வா வெளியே வந்தாள். நடந்ததை எழுதி ஏஜென்சிக்கு அனுப்பினால் போதும் என்று அவளுக்குப் புரிந்தது. புதன்கிழமை எழுதினாள், அனுப்பவில்லை. வியாழக்கிழமை வேலைக்குப் போகும் வழியில் ஓடெட்டின் வீட்டைப் பார்த்தாள். வாசலில் காரைக் காணோம். அன்றும் மனசு முன்னேயும் பின்னேயும் இழுத்தது. வெள்ளிக்கிழமைதான் அனுப்பினாள்.

திங்கட்கிழமை பதில் வந்துவிட்டது. பதிவு தவறு என்பது ஏற்கப்பட்டது, ஓடெட் இரண்டு வாரம் வேலை செய்யலாம். மார்வா முதலில் டயாலிசிஸ் நிலையத்தில் விசாரித்தாள். பிறகு ஓடெட்டைப் போனில் பிடித்தாள்.

"நீ திரும்பி வரலாம் ஓடெட். ஒத்துக்கிட்டாங்க. எங்க இருக்க?"

"தெக்க, டெக்ஸாஸ் எல்லையில டெக்ஸார்கானால. சனிக்கிழமை இங்கதான் ஒரு நாற்காலி கிடைச்சுது. வியாழன் விட்டுப்போச்சு. வெள்ளிக்கிழமை பூரா மனுசனுக்குப் படுக்க முடியல. கார் சீட்டுல உக்காந்தே மூச்சு வாங்கிட்டிருந்தாரு." பிறகு கேட்டாள்: "அங்க அவரோட நாற்காலி இருக்கா?"

"இல்ல. வெள்ளிக்கிழமை வேற யாருக்கோ குடுத்துட்டாங்க."

"அப்ப நான் எதுக்கு வரணும் மிஸ் மார்வா?"

அதில் கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டாள். மார்வா தான் ஏஜென்சிக்கு லெட்டர் எழுதியதைச் சொன்னாள்.

"லெட்டர் என்னிக்கு அனுப்புனீங்க?"

"வெள்ளிக்கிழமை."

"செவ்வாய்க்கிழமையே உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

மறுமுனையில் லியோன் இருமுவது கேட்டது. அவருக்குத் தண்ணீர் அளந்து கொடுக்க வேண்டும் என்று சொல்லி ஓடெட் போனை வைத்துவிட்டாள். மார்வா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செவ்வாயிலிருந்து சனி, நான்கு நாள். டயாலிசிஸ் இல்லாமல் நான்கு நாளில் ஒரு மனிதனின் நுரையீரலில் எவ்வளவு நீர் சேரும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.