சிவப்பு மை விழாத நோட்டீஸ்

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரை வரை என் நோட்டீசில் ஒரு சிவப்புக் கோடுகூட விழவில்லை. மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டேன்.

எங்கள் குடியிருப்பில் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் பலகை உண்டு. மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் என் அத்தை, வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். தினமும் வேலைக்குப் போகும்போது பலகையில் உள்ள பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்து, பத்துக்கு இத்தனை என்று மார்க்கும் போட்டுவிட்டுத்தான் படி தாண்டுவாள். பிழையைப் பார்த்தால் அவளுக்குச் செருப்புக்குள் கல் புகுந்த மாதிரி. பெண் கேட்டு வந்த கடிதத்தையே திருத்தித் திருப்பி அனுப்பியவள். அந்த மாப்பிள்ளை மறுபடி எழுதவே இல்லை.

"எழுதியிருந்தா தேறியிருப்பான்" என்பாள்.

குடியிருப்புச் செயலாளர் கடுப்பாகி நோட்டீஸ் ஒட்டுவதையே நிறுத்தினார். பலகை காலியானது, அத்தை முகமும்தான். எனக்குப் பொழுது போகவில்லை, வேறொன்றுமில்லை, செயலாளர் பேரில் நானே ஒட்ட ஆரம்பித்தேன். 'மொட்ட மாடியில் காயும் துணிகல் சொந்தகாரரை தேடிகொண்டு இருக்கிறது.' மறுநாளே மார்க் வந்தது: மைனஸ் இரண்டு.

அந்தச் செவ்வாய்தான் ஒன்றும் வரவில்லை. மேலே ஓடிக் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. செயலாளரை இழுத்து வந்தேன்.

"ஊருக்குப் போயிருப்பாங்கடா."

"பலகையத் தாண்டித்தானே சார் போகணும்? திருத்தாம போவாங்களா?"

செயலாளர் ஒரு நொடி யோசித்தார். பிறகு தோளால் கதவை இடித்துத் திறந்தார்.

காலையில் குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தவள், கால் முறிந்து அங்கேயே கிடந்தாள். கத்திக் கத்தித் தொண்டை போயிருந்தது. என்னைப் பார்த்ததும், "அழாதடா, மூஞ்சி சகிக்கல" என்றாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், மாவுக்கட்டோடு படுத்திருந்தவளிடம் அந்த நோட்டீசை நீட்டினேன்.

"செயலாளர் எழுதினது அத்தை. பாக்கி வச்சிட்டீங்க."

"அந்த மனுஷனுக்கு இவ்ளோ தெறம ஏது? உன் கைவரிசைன்னு மொத நாளே தெரியும்."

"அப்புறம் ஏன் திருத்துனீங்க?"

"நீ ஏன்டா எழுதுன?"

நான் அவள் தலையணையைச் சரிசெய்தேன். பிறகு அவள் பேனா கேட்டாள்.

வேண்டுமென்றே நான் வைத்த பிழைகள் ஏழு. அவள் சுழித்தது பதினொன்று.